இருநூற்றுப் பதினோரு பொட்டுகள்

செப்டம்பர் 16, திங்கள்

ஏழு பெட்டிகளும் வந்துவிட்டன. துறைமுகத்தில் நான்கு நாள், சுங்கத்தில் மூன்று நாள். கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கள் வாசலுக்கு வந்தபிறகு லாரி உள்ளே திரும்புவதற்கு மட்டும் முக்கால் மணி நேரம். பூவரசங்கிளை ஒன்றை வெட்ட வேண்டியதாயிற்று.

உள்ளே இருப்பது சீன ஓவியர் ஷென் ருய்லானின் ‘நான்காம் ஷிப்ட்’. ஓவியர் என்று சொல்வது பழக்க தோஷம். பதினோரு மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் உயரம், ஏழு பலகைகள். காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி அதன்மேல் மை, அரக்கு, இயந்திர எண்ணெய், இரும்புத் தூள், கருகிய பருத்திக் கையுறைகள். இவற்றுக்கிடையே, மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் இருநூற்றுப் பன்னிரண்டு கைக்கருவிகள் பாதி புதைந்து கிடக்கின்றன. தள்ளி நின்றால் உருவம் ஒன்றும் தெரியாது, கறுப்பும் துருவும்தான். கிட்டே போனால் இங்கே ஒரு ஸ்பேனரின் வாய், அங்கே ஒரு சுத்தியலின் பிடி.

இதை இந்த ஊருக்குக் கொண்டுவர ஒன்றரை வருடம் கடிதம் எழுதியவள் நான். இந்தக் கலைக்கூடத்தின் படைப்புகளுக்கெல்லாம் பொறுப்பாளர் மிருணாளினி என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன். வேறெங்கும் யாரும் எழுதப்போவதில்லை.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள். கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது. தினமும் காலையில் அங்குலம் அங்குலமாகப் பார்த்து நிலை அறிக்கை எழுத வேண்டும். அந்நியப் பொருள் எது பட்டாலும் ஒரு நாளுக்குள் ஓவியருக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்றும் என் வேலை.

செப்டம்பர் 19, வியாழன்

சுவரில் மாட்டியாகிவிட்டது. மாட்டியவர் தணிகாசலம். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் லேத், அதாவது கடைசல் இயந்திரம், ஓட்டியவர். கம்பெனியை இழுத்து மூடியபிறகு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றின் மூலம் எங்களிடம் வந்தார். ஆணி அடிப்பது, பெட்டி பிரிப்பது எல்லாம் அவர்தான். வயது ஐம்பத்தேழு.

எல்லாம் முடிந்து ஏணியைக் கீழே வைத்தபிறகு வாயைத் திறந்தார்.

“மேடம், நாலாவது பலகை தலைகீழா இருக்கு.”

“இது அப்ஸ்ட்ராக்ட், தணிகாசலம். இதுல தலையும் கிடையாது, காலும் கிடையாது.”

“மத்த ஆறுலயும் கைப்பிடியெல்லாம் கீழ பாத்து இருக்கு மேடம். எடுக்கிறவன் கைக்கு வரணும்ல. இதுல மட்டும் மேல பாக்குது.”

இயக்குநர் நாச்சம்மை மேடம் அங்கேயே நின்றிருந்தார். உடனே ஓவியருக்கு வீடியோவில் பேசச் சொன்னார். ஷென் திரையில் வந்தார், பார்த்தார், சிரித்தார். நாலாவது பலகை தலைகீழ்தான். பெட்டியைப் பிரித்தபோது, மேல்பக்கம் எது என்று பலகையின் பின்னால் அம்புக்குறி போட்டது நான். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். போனைத் தணிகாசலத்திடம் கொடுத்தார்கள். அவர் கைகூப்பினார். அந்த அம்மாளும் அங்கிருந்து கைகூப்பினார்.

“கண்ணு இருந்தா பத்தாது, பாக்கத் தெரியணும். இல்ல மிருணா?” என்றார் நாச்சம்மை மேடம். ஐந்து பேர் சுற்றி நின்றார்கள். நானும் சிரித்தேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அம்புக்குறி விஷயத்தைத்தான் சொல்கிறேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

கூட்டம் நன்றாக வருகிறது. பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் நான் சுற்றிக் காட்டுகிறேன். பொருள்வயப்பட்ட நினைவு, உழைப்பின் தொல்லியல் என்று நாற்பது நிமிடம் பேசுகிறேன். பரோடாவில் ஐந்து வருடம் கலை படித்தது வீணாகவில்லை.

இன்றைக்கு என் கூட்டத்திலிருந்து ஆறு பேர் நழுவினார்கள். போய்ப் பார்த்தால் கடைசிப் பலகைக்கு முன்னால் தணிகாசலம். “இது வெர்னியர். இதுல முடி அளவு வித்தியாசத்தைக்கூடப் பாக்கலாம். இந்த அரத்தை இடது கைக்காரர் யாரோ ஓட்டியிருக்காரு, தேய்மானத்தைப் பாருங்க.” அவர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: ‘தணிகாசலம் சாரின் விளக்கம் அருமை.’ அந்தப் பக்கத்தைத் திருப்பிவைத்தேன்.

ஒரு மணிக்கு, வெளியே போக அனுமதிச் சீட்டோடு தணிகாசலம் வந்து நின்றார். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இவர் வேலையில் இருக்கும்வரை அந்தக் கார்டு ஓடும். வேலை போனால் சில மாதத்தில் கார்டும் போகும். சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். இருபது நிமிடம் கழித்துப் போட்டேன். உண்மையிலேயே ஒரு போன் வந்திருந்தது.

அக்டோபர் 10, வியாழன்

நாளை விடுமுறை என்பதால் ஆயுத பூஜையை இன்று மாலையே முடித்துவிட்டோம். பொரி, கடலை, பூசணிக்காய், வாழைக்கன்று. வருடா வருடம் பொட்டு வைப்பது தணிகாசலம். குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு வருவார். ட்ரில் மெஷின், ஏணி, லிஃப்ட், பிரிண்டர், என் கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும்.

பேன்ட்ரியில் நான் காபி கலந்துகொண்டிருந்தபோது வந்து ஏதோ கேட்டார். தலையாட்டினேன். பிறகு வண்டி வந்துவிட்டது, கிளம்பிவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

விடுமுறை. சுண்டல் செய்தேன், உப்பு கூடிவிட்டது. வாஷிங் மெஷினுக்குப் பொட்டு வைத்தேன். மூன்று நாள் கலைக்கூடம் மூடியிருக்கும். திங்கட்கிழமை முதல் ஆளாகப் போக வேண்டும்.

அக்டோபர் 14, திங்கள்

காலை எட்டேகாலுக்குப் பார்த்தேன். ஏழு பலகைகளிலும் உள்ள கருவிகள் அனைத்திலும் சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம். சின்னச் சின்னதாக, ஒரே அளவில், காகிதத்தில் ஒரு துளிகூடச் சிந்தாமல். மேல்வரிசைக்கு ஏணி போட்டு ஏறியிருக்கிறார். இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும்.

எட்டரைக்குள் நாற்பது படம் எடுத்து, ‘212 கருவிகளிலும் அந்நியப் பொருள், ஊழியர் ஒருவர் அனுமதியின்றி இட்டது’ என்று நிலை அறிக்கை எழுதி ஓவியருக்கும் காப்பீட்டாருக்கும் இயக்குநருக்கும் அனுப்பிவிட்டேன். வேலையில் நான் எவ்வளவு சுறுசுறுப்பு என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

தணிகாசலத்தை அறைக்குக் கூப்பிட்டார்கள்.

“மேடம்கிட்ட கேட்டுட்டுத்தான் வச்சேன்” என்றார் அவர்.

நாச்சம்மை மேடம் என்னைப் பார்த்தார். “என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல” என்றேன்.

தணிகாசலம் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “பேன்ட்ரில வச்சுக் கேட்டேனே மேடம்” என்று ஒரு முறை சொன்னார். அப்புறம் சொல்லவில்லை. பேன்ட்ரியில் கேமரா கிடையாது.

அக்டோபர் 16, புதன்

காலையிலிருந்து அடைமழை. ஏஜென்சிக்காரன் நனைந்துகொண்டே வந்து கடிதத்தைக் கொடுத்தான். மதிப்புமிக்க பொருளுக்குச் சேதம், உடனடி நீக்கம். தணிகாசலம் கையெழுத்துப் போட்டார்.

“கார்டு ஜூன் வரைக்கும் ஓடும் மேடம். அதுக்குள்ள வேற எங்கயாச்சும் சேந்துடணும். இந்தக் கடுதாசி இருந்தா யாரும் சேக்க மாட்டாங்க. நீங்க அந்த ஏஜென்சிப் பையன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா...”

“எனக்கும் மேல இருக்காங்க, தணிகாசலம்.”

“சரிங்க மேடம்” என்று கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்தார். துவைத்துக் காயவைத்த கையுறைகள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு ஐந்து பேர் முன்னால் நான் நின்ற நிலையைப் பார்த்து யாரும் பாவப்படவில்லையே.

அக்டோபர் 24, வியாழன்

ஷென்னிடமிருந்து பதில் வந்திருக்கிறது. வழக்கு, நஷ்டஈடு என்று எதிர்பார்த்துத்தான் திறந்தேன்.

‘எதையும் துடைக்காதீர்கள். முப்பது வருடமாக எல்லோரும் என் காகிதத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். இந்தக் கருவிகளுக்கு ஒருவர் மரியாதை செய்து நான் பார்த்ததில்லை. நான் நேரில் வருகிறேன். இதைச் செய்தவரைப் பார்க்க வேண்டும்.’

நாச்சம்மை மேடம் அதை மூன்று முறை படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. “தொழிலாளி வீட்டுப் பொண்ணு அது. இதுக்காக ஒரு தொழிலாளிய அனுப்பிட்டோம்னு தெரிஞ்சா மொத்தத்தையும் பெட்டில போட்டு எடுத்துட்டுப் போயிடும்” என்றார்.

நான் அப்போதுதான் சொன்னேன். “மேடம், உண்மையைச் சொல்லணும்னா, அவர் என்கிட்ட கேட்டார். நான்தான் அனுமதி கொடுத்தேன்.”

“அப்ப அன்னிக்கு ஏன் இல்லைன்னீங்க?”

“ஓவியர் எப்படி எடுத்துக்குவாங்கன்னு தெரியல. கலைக்கூடத்துப் பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான்.”

மேடம் என்னை வெகுநேரம் பார்த்தார். என்ன நினைத்தாரோ. “சரி, அப்ப இது உங்க யோசனை. நீங்களே செஞ்சது. அப்படியே இருக்கட்டும்” என்றார். அறிக்கையில் சொன்ன அந்த ஊழியர் நான்தான் என்று ஷென்னுக்கு இன்றே பதில் போயிற்று. தணிகாசலத்தைத் திரும்பக் கூப்பிடலாமா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

எழுதுவது என்று வந்தபின் முழுதும் எழுதிவிடுகிறேன். பேன்ட்ரியில் அவர் கேட்டது எனக்குத் தெளிவாகவே கேட்டது. “உள்ள படத்துல இருக்கிற டூல்ஸுக்கும் ஒரு பொட்டு வச்சிடட்டுமா மேடம்? ரொம்ப நாளா சும்மா கிடக்குதுங்க.” நான் வெறுமனே தலையாட்டவும் இல்லை. “வைங்க. எதையும் விட்டுடாதீங்க” என்றேன். சொல்லும்போதே ஒப்பந்தத்தின் மூன்றாவது விஷயம் மனதில் இருந்தது. காபியில் சர்க்கரை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. தணிகாசலத்தின் எண்ணிலிருந்து மூன்று அழைப்பு. வெடிச் சத்தத்தில் கேட்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

ஷென் வந்துவிட்டார். நரைத்த கிராப், தட்டையான செருப்பு, நாச்சம்மை மேடம் போட்ட ரோஜா மாலையைக் கழற்றாமலே நாள் முழுக்கச் சுற்றினார். மொழிபெயர்க்க வசந்தரூபன் என்று ஒரு பையன். சீனாவில் மருத்துவம் படித்துவிட்டு வந்து இங்கே தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறான்.

மதியச் சாப்பாட்டின்போதே நல்ல செய்தி. ‘நான்காம் ஷிப்ட்’ இன்னும் இரண்டு வருடம் இங்கேயே இருக்கட்டுமாம். ஒரே நிபந்தனை. பொட்டு வைத்தவரையே இதற்குப் பராமரிப்பாளராக, கலைக்கூடத்தின் நிரந்தர ஊழியராக நியமிக்க வேண்டும். ஒரு மாதம் சீனாவிலுள்ள தன் பட்டறைக்கு வரவழைத்து ஷென்னே சொல்லிக்கொடுப்பார். நாச்சம்மை மேடம் என் தோளில் கை வைத்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

சாப்பிட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனோம். ஷென் ஐந்தாவது பலகையருகே நின்று ஏதோ கேட்டார்.

“ஒண்ணே ஒண்ணை மட்டும் ஏன் விட்டீங்கன்னு கேக்குறாங்க மேடம்” என்றான் வசந்தரூபன்.

எனக்குப் புரியவில்லை. அவர் விரல் காட்டிய இடத்தில், என் தோள் உயரத்தில், T வடிவில் ஒரு சாவி. கைப்பிடி வளைந்திருந்தது. அதில் பொட்டு இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு என்று நான் அறிக்கை எழுதினேனே தவிர, எண்ணவில்லை. ஒரு மாதமாகத் தினமும் பார்த்து எழுதிக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

“எங்க வழக்கம் அது” என்றேன். “எல்லாமே முழுமையா இருந்தா கண்ணு படும். ஒண்ணை விட்டு வைக்கணும்.”

நன்றாகத்தான் சொன்னேன். பரோடா பேராசிரியர்களே நம்பியிருப்பார்கள். அவன் அதைச் சீனத்தில் சொன்னான். ஷென் தலையசைத்துக்கொண்டே கேட்டார். பிறகு மெதுவாக, அவன் நிறுத்தி நிறுத்திச் சொல்வதற்கு இடம்விட்டுப் பேசினார்.

“இது சக் கீ மேடம். லேத்துல இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கை இறுக்குற சாவி. இறுக்கிட்டு உடனே எடுத்துடணுமாம். மறந்து அதுலயே விட்டுட்டு மெஷினைப் போட்டா தெறிச்சு வந்து ஆளை அடிச்சிடும். கைப்பிடி இப்படி வளைஞ்சிருந்தா அது யாரையோ அடிச்ச சாவின்னு லேத்துக்காரங்களுக்குத் தெரியுமாம். அதை யாரும் கும்பிட மாட்டாங்களாம்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “இவங்க அப்பா இதுலதான் செத்துப்போனாராம்.”

“இதைச் செஞ்சது நீங்க இல்லைன்னு சொல்றாங்க. போன்ல கைகூப்பினாரே, பலகை தலைகீழ்னு சொன்னவர், அவரான்னு கேக்குறாங்க.”

அவரைக் கூட்டிவந்தால் முதல் வார்த்தையே பேன்ட்ரியில் கேட்டேன் என்பதாக இருக்கும். அன்றைக்கு இல்லை என்றதும் வெளிவரும், இன்றைக்கு நான்தான் என்றதும் வெளிவரும். நான் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று.

“ஆமா, அவர்தான். இறந்துட்டார். அவர் நினைவாத்தான் நான்னு சொன்னேன்.”

வசந்தரூபன் என்னைப் பார்த்தான். “நிஜமாவா மேடம்?”

“மொழிபெயர்க்கத்தானே வந்தீங்க?”

சொன்னான். ஷென் கண்ணை மூடிக்கொண்டார். எப்போது என்று கேட்டார். “அக்டோபர் பதினாறு” என்றேன். வாயில் வந்த தேதி அதுதான். குடும்பம் இருக்கிறதா, மனைவி இருக்கிறாரா, தன்னால் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்.

“யாரும் இல்ல. தனியாள்.”

நாச்சம்மை மேடம் பக்கத்தில்தான் நின்றிருந்தார். தணிகாசலத்தின் மனைவிக்காக ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொன்னவர் அவர். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

நவம்பர் 20, புதன்

ஷென் போவதற்கு முன் எழுதிக் கொடுத்த வாசகம் நினைவுப் பலகையாக இன்று மாட்டப்பட்டது. சீனத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும்.

‘இந்தக் கருவிகளுக்கு மரியாதை செய்த கடைசல் தொழிலாளி, மறைந்த தணிகாசலம் அவர்களுக்கு. மறைவு: அக்டோபர் 16. பராமரிப்பு: மிருணாளினி.’

என் பெயர் சுவரில் ஏறுவது இதுவே முதல் முறை. பொட்டு வைத்தவர் இல்லை என்றானபின் அந்தப் பொறுப்பும் பட்டறைப் பயிற்சியும் எனக்கே வந்துவிட்டன. மார்ச்சில் பயணம். கம்பளிக் கோட்டு வாங்க வேண்டும்.

நவம்பர் 21, வியாழன்

கூட்டிப் பெருக்கும் கலாராணி பலகையைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். பிறகு அவர் எண்ணுக்குப் போன் போட்டிருக்கிறாள். நேராக என்னிடம் வந்து நின்றாள்.

“அண்ணன் பேசுறாரு மேடம். நல்லா இருக்காரு. அப்ப அந்த போர்டு?”

“அது ஓவியர் வச்சது. படைப்போட ஒரு பகுதி. அதை யாரும் தொடவும் கூடாது, பேசவும் கூடாது. நீயும் அந்த ஏஜென்சி ஆள்தானே கலாராணி?”

“ஆமா மேடம்.”

“போய்ப் படிக்கட்டைத் துடை.”

டிசம்பர் 4, புதன்

தணிகாசலம் வந்திருந்தார். டிக்கெட் எடுத்துக்கொண்டு, பார்வையாளராக. இளைத்திருக்கிறார். அவர் மனைவி வேலம்மாள் எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அவரே, “இழுத்துப் புடிச்சிக்கிட்டு இருக்கா மேடம்” என்றார்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பு வேலை கிடைத்திருக்கிறதாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டாம். ஏஜென்சிக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, பழைய இடத்தில் பொறுப்பில் இருந்தவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் வேறு ஆள் தயார்.

“பொய்யெல்லாம் எழுத வேணாம் மேடம். வேலை ஒழுங்காப் பாத்தாருன்னு மட்டும் போட்டு, இன்னித் தேதில ஒரு கையெழுத்து. நானே எழுதிட்டு வந்துட்டேன், பாருங்க.”

ரூல் போட்ட தாளில் குண்டு குண்டு எழுத்தில் எழுதியிருந்தார். நான் கையெழுத்துப் போட்டிருக்க முடியும். பேனா கையில்தான் இருந்தது. ஆனால் ‘தற்போது வேறு பணிக்கு விண்ணப்பிக்கும் தணிகாசலம்’ என்று டிசம்பர் நான்காம் தேதி என் கையெழுத்தோடு ஒரு காகிதம் ஊருக்குள் சுற்றினால், சுவரில் இருப்பது என்னவாகும்? அந்தக் காகிதம் யார் கைக்குப் போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

“என்னால முடியாது” என்றேன்.

ஏன் என்று கேட்கவில்லை. என் பின்னால் சுவரில் இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் படிப்பதற்காக மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கலாராணி சொல்லியிருப்பாள், இருந்தாலும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

“தேதி மட்டும் சரியாத்தான் போட்டிருக்கீங்க மேடம்” என்றார்.

தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பழக்கத்தில், வேலையாட்கள் போகும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். சாயங்காலம் அந்தக் கதவுக்குப் பூட்டு மாற்றச் சொன்னேன்.